ஆய்வு நாளில் வந்த பல்வலி

பல்வலிக்கு நாள் பார்த்து வரத் தெரியாது என்பதையும், அதற்காக வேலுசாமியைக் குறை சொல்ல முடியாது என்பதையும் பொற்சிகரம் பல் மருத்துவக் கல்லூரியின் முதல்வர் பிற்பாடு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கீகாரத்துக்கான ஆய்வு நடந்த அந்தப் புதன்கிழமையன்று அப்படி ஒப்புக்கொள்ளும் மனநிலையில் அங்கே யாரும் இல்லை.

வேலுசாமி வையப்பமலைப் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் மேஸ்திரி. இடப்பக்கம் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் சில நாளாகவே நமநமவென்று இருந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார். செவ்வாய் இரவு வலி காதுக்கு ஏறி, விடிகிறபோது கன்னம் பன் போல உப்பிவிட்டது. உடம்பு கொதித்தது. மனைவி கண்ணாத்தாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோழிப்பண்ணை வேலைக்கு அன்று வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

"ஏனுங்க, சேலத்துக்குப் போலாமுங்களா?"

"சேலத்துக்கு எதுக்குப் புள்ள? பல்லாஸ்பத்திரிக்குன்னு காட்டை வித்துக் கொடுத்துப்போட்டு, சேலத்துக்குப் போய் வரிசையில நிக்கோணுமா?"

அவர் சொன்னது நியாயம். மகள் யாழினி பொற்சிகரத்தில்தான் நாலாம் வருஷம் படித்தாள். அவளைச் சேர்ப்பதற்காகக் கிணற்று மேட்டுக் காடு என்ற விளைநிலம் விலைபோயிருந்தது. அந்த ஊரில் பல்வலி வந்தால் அங்கே போவதற்கு அவரைவிட உரிமையுள்ள ஆள் வேறு யாரும் கிடையாது. மகளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. ஆய்வை முன்னிட்டு மாணவர்களின் செல்போன்களை எல்லாம் ஒரு சாக்குப் பையில் போட்டு முதல்வர் அறையில் பூட்டியிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இருவரும் டவுன் பஸ் ஏறினார்கள்.

பொற்சிகரத்தின் தாளாளர் ஒரு காலத்தில் ரிக் வண்டிகள் வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் துளைக்குக் காசு உண்டு என்ற உண்மையை அந்தத் தொழிலில் கற்றுக்கொண்டு, பிறகு கல்வித்துறைக்கு வந்தார். திருச்செங்கோட்டுச் சாலையோரம் அவர் எழுப்பிய கட்டடம் தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அன்றைக்குக் கிட்டத்தில் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். காவலாளியின் புதுச் சட்டைக் காலரில் கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

உள்ளே கூடம் நிறைய நோயாளிகள். வேலுசாமிக்கு ஆச்சரியம். இதற்கு முன் மகளைப் பார்க்க வந்தபோதெல்லாம் அந்தக் கூடத்தில் மின்விசிறி மட்டும்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கு உட்கார இடமில்லை. ஆனால் யார் முகத்திலும் வலி தெரியவில்லை. பெண்கள் எலுமிச்சை சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள். "எந்த பஸ்ஸுங்க?"

"டவுன் பஸ்ஸுங்க."

"அதில்லீங்க. காலேஜ் பஸ் எந்த ரூட்டு? மல்லசமுத்திரமா, எலச்சிபாளையமா?"

"நாங்களா வந்தோமுங்க. பல்லு வலி."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு பல்வலிக்காகத் தானாக வந்த ஆளை முதன்முதலாகப் பார்க்கிறாள் போலிருந்தது. பெயரும் ஊரும் கேட்டுக் கணினியில் தட்டினாள். அவள் முகம் தெளிந்தது.

"உங்களுக்குப் பல்லு எடுத்தாச்சுங்களே."

"எனக்குங்களா?"

"வேலுசாமி, உங்க ஊருதான். கீழ்க் கடைவாய்ப்பல், எடப்பக்கம். எடுத்தாச்சு, நோயாளி நலமா ஊடு திரும்பினாருன்னு போட்டிருக்குதுங்க."

அன்றைக்கு வரப்போகிற நோயாளிகள், அவர்களுடைய நோய்கள், சிகிச்சைகள், சிகிச்சை முடிந்து அவர்கள் தெரிவித்த நன்றி எல்லாவற்றையும் முந்தின நாள் மாலையே ஏற்றி முடித்திருந்தார்கள். பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பற்களைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். போட்டவர் கை வேலுசாமியின் விஷயத்தில் மட்டும் தப்பாமல் சரியான பல்லில் விழுந்துவிட்டது.

வேலுசாமி நாக்கால் தொட்டுப் பார்த்தார். உயிர் போனது. "இருக்குதுங்களே."

"அது உங்க வாயிலதானுங்க. சிஸ்டத்துல இல்லீங்க." அவள் கனிவாகவே சொன்னாள். பிறகு கண்ணாத்தாளைப் பார்த்து, "அக்கா, உங்க பேரு வரலை. உங்களுக்கு வேணும்னா டோக்கன் போடட்டுங்களா? ஒரு பஸ்ஸுல ஆளு கொறையுது" என்றாள். கண்ணாத்தாள் எதற்கும் இருக்கட்டும், உள்ளே போகவாவது உதவும் என்று வாங்கிக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில் மக்கள் தொடர்பு அலுவலர் சண்முகவேல் ஒரு நாற்காலி மேல் நின்று நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கோட்டும் டையும் அணிந்து வியர்த்திருந்தார்.

"எல்லாரும் கன்னத்துல கை வைங்க. சோத்துக்கை இல்லம்மா, அதுல பொட்டலம் இருக்குது, பீச்சாங்கை. ஆய்வாளர் வரும்போது 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரோணும். ஆனா ஓவராப் போகக் கூடாது. நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்ததுல வலி கொறைஞ்சிட்டு வார மாதிரி இருக்கோணும். எங்க, ஒருவாட்டி."

கூடமே ஸ்ஸ் என்றது. நடுவில் ஒரு கிழவி சிரித்துவிட்டாள். அந்தச் சமயத்தில் வேலுசாமியின் வாயிலிருந்து தன்னையறியாமல் ஒரு முனகல் வந்தது. அடிபட்ட மாடு முனகுவது போல இருந்தது. சண்முகவேல் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார்.

"அண்ணா, நீங்க ரொம்பப் பண்றீங்க."

"நான் பண்ணலீங்க. வலிக்குதுங்க."

"அதான் சொல்றேன். நெசமா வலிக்கறவங்க இப்பிடிப் பண்ண மாட்டாங்க. பார்க்கறதுக்கு நாடகமாட்டத் தெரியுது. கடைசி வரிசைக்குப் போயி, வாயைத் தொறக்காம உக்காந்துக்குங்க."

ஒரு பல் ஆஸ்பத்திரியில் தனக்குச் சொல்லப்பட்ட முதல் மருத்துவ ஆலோசனை இது என்பதை வேலுசாமி ஏற்றுக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்.

அங்கே வைத்துத்தான் யாழினி அவர்களைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு, இறுகப் பின்னிய தலை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தவள், பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"எப்பருந்துப்பா இப்பிடி?"

"ராத்திரியிலிருந்துதான் சாமி. உன்னைப் பாத்தா ஒரு இழுப்புல எடுத்துப்போடுவியேன்னு வந்தோம்."

யாழினி கோட்டுப் பைக்குள் மாத்திரையைத் துழாவினாள். அவள் நாலு வருஷத்தில் ஒரு பல்கூட எடுத்ததில்லை. வாயுள்ள மனிதர்கள் யாரும் அந்தக் கல்லூரிக்கு வருவதில்லை. பிளாஸ்டரில் செய்த தாடைகளில் எடுத்திருக்கிறாள், அதில் முதல் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். பிளாஸ்டர் தாடை வலிக்கிறது என்று சொல்வதில்லை. இதை வீட்டில் சொல்ல அவளுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்தாள்.

"இன்னைக்கு அங்கீகாரம் கிடைக்கலீன்னா எங்க பட்டம் செல்லாதுப்பா. ஆய்வாளர் மத்தியானம் போயிருவாரு. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

"நீ போ கண்ணு. நான் எங்கேயும் ஓடிப் போகலை" என்றார் வேலுசாமி. பேசும்போது எச்சில் ஒழுகியது. கண்ணாத்தாள் முந்தானையால் துடைத்தாள்.

ஆய்வாளர் வந்தார். வடக்கே பல வருஷம் பதவியில் இருந்துவிட்டு வந்த தமிழர், தும்பைப்பூ நிறத்தில் தலை. கூடத்தின் வழியாக நடந்தபோது நூற்றுக்கணக்கான பேர் ஸ்ஸ் என்று வரவேற்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. முதல்வர் டாக்டர் பாலசுந்தரம் குனிந்தபடியே பக்கத்தில் வந்து, "அய்யா, நோயாளி யாரையாவது பரிசோதிச்சுப் பார்க்கறீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே பயந்துபோனார்.

"வேண்டாம்" என்றார் ஆய்வாளர். "நான் ஒரு வாயைத் திறந்து பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கும். வாயைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். ஒருவன் இங்கே வலிக்கிறது என்பான், நோய் வேறு பல்லில் இருக்கும். கோப்பைப் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. கோப்பு பொய் சொன்னாலும் ஒரே மாதிரி சொல்லும்."

இந்தக் கருத்தை உடனே குறித்துக்கொள்ளும்படி முதல்வர் சுற்றி நின்ற பேராசிரியர்களுக்குச் சைகை காட்டினார். அந்தப் பேராசிரியர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் வந்திறங்கியவர்கள். வாய் அறுவைத் துறைத் தலைவர் டாக்டர் கோகிலவாணி கோயம்புத்தூரில் சொந்தமாகக் கிளினிக் நடத்துபவர். வருஷத்துக்கு ஒரு நாள் இங்கே துறைத் தலைவர். கழிவறை எங்கே என்று கேட்டபோது மாணவர்கள் வழிகாட்டினார்கள். துறை எங்கே என்று கேட்டபோது அவர்களுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை.

கோப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. நாற்காலிகள் பளபளத்தன. எக்ஸ்ரே இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறை, புதியது என்பதற்குச் சாட்சியாக, அப்படியே விடப்பட்டிருந்தது. எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் ஆய்வாளர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. கடைசி வருஷ மாணவர் ஒருவர் பல் எடுப்பதை நான் நேரில் பார்த்தாக வேண்டும். எனக்கும் பிடிக்கவில்லை. ரத்தம் கண்டால் எனக்கு ஒருமாதிரி வரும். ஆனால் விதி."

முதல்வர் சிரித்த முகத்தோடு, "தாராளமாய்ப் பார்க்கலாம் அய்யா, இது தினம் நடக்கிறதுதானே" என்றார். சண்முகவேல் கூடத்துக்கு ஓடினார்.

"யாராவது ஒருத்தர் முன்னுக்கு வாங்க. ஒரே ஒரு பல்லு எடுத்துக் காட்டோணும்."

கூடத்தில் சத்தம் நின்றது. சிரித்த கிழவிதான் முதலில் எழுந்தாள். "ஏனுங்கடி, நெசமாலுமே புடுங்கறாங்களாமா" என்று கேட்டாள். பிறகு நடந்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. பின்கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் சமையற்கட்டு வழியாகவும் கூட்டம் வெளியே பாய்ந்தது. கல்லூரிக்குப் பின்னால் ஆளுயர மக்காச்சோளக் காடு. அதற்குள் மல்லசமுத்திரம் பஸ்ஸும் எலச்சிபாளையம் பஸ்ஸும் மறைந்தன. யாரும் சோற்றுப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போகவில்லை.

முதல்வர் வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார். கொஞ்சம் தாமதமான உத்தரவு. உள்ளே இரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். வேலுசாமிக்கு எழுந்து ஓட முடியவில்லை. கண்ணாத்தாள் அவரை விட்டுப் போகவில்லை.

வேலுசாமியைப் பார்த்ததும் முதல்வருக்கு உயிர் வந்தது. கோகிலவாணி வந்து அவர் வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அன்று அந்தக் கட்டடத்தில் ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்த ஒரே டாக்டர் அவர்தான்.

"இது வேண்டாம் சார்" என்று முதல்வரைத் தனியே இழுத்தார். "சீழ் கழுத்துக்கு இறங்குது. ஊசி போட்டாலும் மரக்காது. அலறுவாரு. இவரை உடனே சேலத்துக்கு அனுப்பணும்."

"நீங்களே கீறி விட்டுட முடியாதா?"

"என் கிளினிக்ல வெச்சே செய்ய யோசிப்பேன். இங்க கருவியெல்லாம் கொதிக்க வெச்சாங்களான்னே எனக்குத் தெரியாது. நான் இந்தத் துறைக்குத் தலைவர், அவ்வளவுதான் சார்."

"மேலும், இவருக்குக் கணக்குல பல்லு எடுத்தாச்சு" என்று சண்முகவேல் நினைவூட்டினார். "ஒரே பல்லை ரெண்டு வாட்டி எடுத்ததா வந்துட்டா மோசடியாயிரும் சார்."

முதல்வர் யோசித்தார். "மோசடிக்கு இந்த நிறுவனம் இடம் கொடுக்காது" என்றார். பிறகு அவர் பார்வை கண்ணாத்தாளின் கையிலிருந்த டோக்கன் மேல் விழுந்தது.

யாழினியை அழைத்தார்கள். பிளாஸ்டரில் முதல் மதிப்பெண், ஆங்கிலமும் நன்றாக வரும் என்பதால் அவள். நாற்காலியில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"சார், இவங்க எங்கம்மா."

"நல்லதாப் போச்சு. நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கணும்னு பாடத்திலேயே இருக்கு."

"எங்கம்மாவுக்கு ஒரு பல்லும் கெட்டுப்போகல சார்."

"யாழினி" என்று முதல்வர் அவளைத் தனியே கூப்பிட்டு, ஒரு தகப்பனின் குரலில் பேசினார். "கெட்டுப்போன பல்லை யாரு வேணும்னாலும் எடுத்துடுவாங்கம்மா. அது தானா ஆடும். நல்ல பல்லை எடுக்கறதுலதான் ஒரு நிறுவனத்தோட தரம் தெரியும். உன் கூடப் படிக்கிற அத்தனை பேரோட பட்டமும் இப்ப உன் கையில இருக்கு. எந்தப் பல்லுன்னு உன்னை நாங்க கட்டாயப்படுத்தல. நீயே முடிவு பண்ணு. மாணவர்களுக்குச் சுதந்திரம் கொடுக்கிற கல்லூரி இது."

"அப்ப எங்கப்பாவைச் சேலத்துக்கு அனுப்பிடுங்க சார். நான் எடுக்கறேன்."

"ஆய்வு முடிஞ்சதும் கேட்டைத் தொறந்திருவோம். இப்ப தொறந்தா நோயாளி எண்ணிக்கை பாதியாயிரும்."

வேலுசாமி சுவரைப் பிடித்தபடி வந்து நின்று, "வலிக்குதுன்னு வந்தவன் நான்தானுங்க. என்னுதை எடுங்க. அவளை விட்டுருங்க" என்றார். வாய் முழுக்கச் சுடுசோற்றை அடக்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது அவர் பேச்சு. யாருக்கும் புரியவில்லை. கண்ணாத்தாளுக்கு மட்டும் புரிந்தது.

"நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்தாள். "எடு சாமி. ஒரு பல்லுத்தானே. காட்டையே கொடுத்தாச்சு."

மரத்துப்போகும் மருந்து ஒரு பெட்டி மட்டும் கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு இருந்தது. கோகிலவாணி அதன் காலாவதித் தேதியைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். "பாதியாவது வேலை செய்யும்" என்று யாழினியின் காதில் சொன்னார்.

ஆய்வாளர் ரத்தம் தெரியாத கோணத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

யாழினி ஊசியை எடுத்தாள். ஊசி முதலில் கன்னத்துச் சதையில் குத்தியது, பிறகு சரியான இடத்துக்குப் போனது. கண்ணாத்தாள் கண்ணை மூடவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கும் குறட்டால் பிடித்து அழுத்தியபோது பல் அசையவில்லை. அது கரும்பு கடித்தும் கம்பஞ்சோறு மென்றும் வளர்ந்த பல். தாடையோடு தாடையாக ஊன்றியிருந்தது. கோகிலவாணி பின்னாலிருந்து மெதுவாக, "வெளிப்பக்கம் தள்ளு. இப்ப உள்பக்கம். அவசரப்படாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாழினி தள்ளினாள். கண்ணாத்தாளின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின, கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. சத்தம் வரவில்லை. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த வேலுசாமிதான் அழுதார். அவரைக் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லும்படி ஆய்வாளர் கேட்டுக்கொண்டார்.

நடுவில் ஒருமுறை குறடு வழுக்கி உதட்டைக் கிழித்தது. யாழினி கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னால முடியலம்மா."

கண்ணாத்தாள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பாதியில விட்டாப் பல்லு, படிப்பு ரெண்டும் கெட்டுப்போகும். எடு" என்றாள்.

கடைசியில் பல் வந்தது. முறிகிற ஒரு சத்தம் கேட்டது. அது எலும்பா பல்லா என்று யாரும் ஆராயவில்லை. ஆய்வாளர் எழுந்து வந்து, தட்டில் கிடந்த பல்லைக் குனிந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று, இரண்டு வேரும் முழுசாக இருந்தது.

"அற்புதம்" என்றார். "பல்லில் நோயின் அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார்கள்." பிறகு கண்ணாத்தாளிடம், "வலித்ததா அம்மா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு வைத்திருந்தவள் இல்லையென்று தலையசைத்தாள். வலியற்ற சிகிச்சை என்று அவர் எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வாளரின் கார் போனது. அது சாலையில் திரும்பியதும் பேராசிரியர்கள் தங்கள் கார்களுக்குப் போனார்கள். ஊழியர்கள் ஏசியை அணைத்தார்கள். நாற்காலிகளுக்குத் திரும்ப உறை மாட்டினார்கள். யாழினி முதல்வர் அறைக்குப் போய்க் கல்லூரி ஆம்புலன்ஸைக் கேட்டாள்.

"அது ஓடற நெலமையில இல்லம்மா. அங்கீகாரத்துக்கு ஆம்புலன்ஸ் நிக்கணும்னுதான் இருக்கு, ஓடணும்னு இல்ல" என்றார் முதல்வர். அவர் களைத்திருந்தார். "உங்கப்பா மேல எனக்கு வருத்தமில்லை. பல்வலி சொல்லிட்டா வருது? ஆனா ஒண்ணு நெனச்சுப் பாரு. பல்லு வலிக்குதுன்னு வர்றவங்களை எல்லாம் பார்க்க ஆரம்பிச்சா அப்புறம் நாங்க எப்பக் கல்லூரி நடத்தறது?"

யாழினி வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவர் மேசை மேல் வைத்துவிட்டு வந்தாள். சாலையில் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு முட்டை வண்டியைக் கை காட்டி நிறுத்தினாள். ஓட்டுநர் வேலுசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இடம் கொடுத்தார். அம்மாவையும் ஏற்றி, முட்டை அட்டைகளுக்கு நடுவே அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தாடைக்குக் கீழே பலகை மாதிரிக் கெட்டிப்பட்டிருந்தது. நாக்கு மேலே தூக்கியிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரிந்தது. போன பரீட்சையில் இதற்குத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள், படமும் போட்டிருந்தாள். அடுத்து மூச்சுக்குழாய் அடைக்கும் என்பது அந்தப் பதிலின் கடைசி வரி. ஓட்டுநரிடம் வேகமாகப் போகச் சொன்னாள். அவர் முட்டை உடையும் என்று சொல்லவில்லை, போனார்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தில் கீறிக் குழாய் வைத்தார்கள். வெளியே வந்த பணி மருத்துவர் ஒரு இளம் பெண். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும். காலையிலிருந்து எங்க வெச்சிருந்தீங்க இவரை?"

யாழினி அம்மாவைப் பார்த்தாள்.

டாக்டரின் பார்வை கண்ணாத்தாளின் வீங்கிய கன்னத்துக்கும் கிழிந்த உதட்டுக்கும் போனது. "இந்தம்மாவுக்கு என்ன? யாரு இப்படிப் பண்ணது?"

கண்ணாத்தாள் பஞ்சை வெளியே எடுத்தாள். "என்ற பொண்ணுதானுங்க. பல் டாக்டருக்குப் படிக்குதுங்க" என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா வேறு எப்படியாவது சொன்னாளா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. யாழினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலுசாமி பிழைத்துக்கொண்டார். கழுத்தில் குழாயும், பேச முடியாத வாயுமாக வார்டில் கிடந்தார். தீவன மில்லில் வேறு மேஸ்திரியைப் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. யாழினி கல்லூரிக்குத் திரும்பவில்லை. கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தாடையில் சுள்ளென்று இழுக்கும்போதெல்லாம் அவளுக்கும் முகம் சுளித்தது.

ஒரு வாரம் கழித்து முதல்வரும் சண்முகவேலும் ஆப்பிள் பையோடு வார்டுக்கு வந்தார்கள். கூடவே ஒரு புகைப்படக்காரர். அங்கீகாரம் கிடைத்துவிட்டது. கிடைத்ததோடு, மாணவர் இடங்களை இரட்டிப்பாக்கவும் அனுமதி. யாழினி கழற்றி வைத்த கோட்டைச் சலவை செய்து கொண்டுவந்திருந்தார்கள்.

"உன் மேல நடவடிக்கை எடுக்கணும்னு சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன்" என்றார் முதல்வர். "ஆய்வாளர் அறிக்கையில உன் பேரைக் குறிப்பிட்டிருக்காரு. தாயோட வாயிலேயே வலியில்லாம சிகிச்சை பண்ணின மாணவின்னு. நீ திங்கக்கிழமை வந்துரு. பரீட்சை பாஸாயிரும்."

யாழினி அப்பாவைப் பார்த்தாள். வேலுசாமி கையை ஆட்டினார். போ என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை. யாழினி கோட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கியபோது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதல்வர் கண்ணாத்தாளுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம காலேஜைப் பட்ட மேற்படிப்பு வரைக்கும் கொண்டுபோலாம்னு தாளாளர் நெனக்கிறாரு. அதுக்கு ஒரு குழு வருது. நோயாளிகதான் பிரச்சினை, உங்களுக்கே தெரியும். உங்களை மாதிரி ஒத்துழைக்கிறவங்க அமையறது கஷ்டம்மா. உங்களை நாங்க மறக்கவே இல்ல."

கண்ணாத்தாள் மகள் மடியில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு முதல்வரை நேராகப் பார்த்தாள். கிழிந்த உதடு ஆறியிருந்தது. பேசும்போது அந்தப் பக்கம் கறுப்பாய் ஒரு இடைவெளி தெரிந்தது.

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்குதுங்க" என்றாள். "அவ படிச்சு முடிக்கறதுக்குள்ள எப்பெப்ப வரோணும்னு சொல்லுங்க. வாரேன்."

முதல்வரின் கண் கலங்கியது. இதுதான் தாய்மை என்று புகைப்படக்காரரிடம் சொன்னார். சண்முகவேல் செல்போனை எடுத்து முப்பத்தொன்று என்று குறித்துக்கொண்டார். பிறகு, ஒரு மரியாதைக்காக, அவளுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டார்.